777 என்னும் சர்வரோக நிவாரணி

டிஸ்கி: நான் பி.காம். கணினித்துறை மக்கள் சிரிப்பதென்றால் சிரித்துவிட்டுப் படிக்கவும்.

லினக்ஸில் எது ஓடாவிட்டாலும் நம்மாட்கள் சொல்வது ஒன்றுதான்: "சிஎச்மாட் 777 அடி மச்சி". தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே ஊசி. தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஆலங்குளத்தில் மாமாவுக்கு மளிகைக்கடை. கடன் நோட்டைக் கணினியில் ஏற்ற போஸ்ட்கிரெஸ் நிறுவினேன். லினக்ஸ் பக்கம் இடம் குறைவு. டேட்டாவை விண்டோஸின் டி டிரைவில் வைத்தேன். இனிட்-டிபி பாதியில் நின்றது. டேட்டா ஃபோல்டரின் அனுமதி சரியில்லை, 0700 அல்லது 0750 வேண்டுமாம்.

மூன்று நண்பர்களைக் கேட்டேன். மூவரும் 777. அடப்பாவிகளா, அது ஏற்கெனவே 777-ல்தான் இருக்கிறது, புகாரே அதுதான்! 700 போட்டேன். பிழை எதுவும் வரவில்லை. திறந்து பார்த்தால் மறுபடி 777. ஒரு ராத்திரி இதிலேயே போயிற்று.

விஷயம் இதுதான். டி டிரைவ் என்டிஎஃப்எஸ். லினக்ஸ் அதை என்டிஎஃப்எஸ்-3ஜி வழியாகத் திறக்கிறது. 'பெர்மிஷன்ஸ்' என்ற ஆப்ஷன் கொடுக்காமல் மவுண்ட் செய்தால், அனுமதியை மாற்றும் கட்டளையை அது கண்டுகொள்ளாது, பிழையும் சொல்லாது. அப்படித்தான் அமைத்தே வைத்திருக்கிறார்கள். "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு ஃபைலைத் தொடாத குமாஸ்தா! முடியாது என்றால் முடியாது என்று சொல்லேன்யா. முகத்துக்கு நேரே சொன்னது போஸ்ட்கிரெஸ் மட்டும்தான். அதைத்தான் நாம் திட்டுகிறோம்.

700 என்றால் உரிமையாளருக்கு மட்டும் படிக்க, எழுத, நுழைய உரிமை. 777 என்றால் அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும். இன்டர்னல் கண்ட்ரோல் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதும் காமர்ஸ்காரனே கல்லாவைத் திறந்து போட்டால் எப்படி?

மவுண்ட் செய்யும்போது யுமாஸ்க் 077 கொடுத்தால் போஸ்ட்கிரெஸ் ஏமாந்துவிடும், உண்மைதான். ஆனால் அது டிரைவ் முழுக்க மாட்டும் முகமூடி. ஃபோல்டரில் எந்த அனுமதியும் எழுதப்படுவதில்லை.

கடைசியில் பழைய படங்களை அழித்து இடம் பண்ணி, ஈஎக்ஸ்டி4 பகுதியிலேயே ஃபோல்டரை வைத்தேன். இனிட்-டிபி தானே 700 போட்டுக்கொண்டு ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. மாமாவிடம் காட்டினேன். வேகம், அழகு எதையும் அவர் கேட்கவில்லை.

"யாரு எவ்வளவு பாக்கின்னு வேற யாரும் பாக்க முடியாதுல்ல மாப்ள?"