மாட்டுக்குப் புண்ணாக்கு, மனுஷிக்குத் தலையெழுத்தா?

வானூர், மரக்காணம் பக்கத்துக் கிராமங்களில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போகிற பெண்களையும், உப்பளத்தில் கூடை சுமக்கிற பெண்களையும் பார்த்து, "ஏனம்மா இப்படி இளைத்துப் போனாய்? பிள்ளை ஏன் இவ்வளவு சோனியாய்ப் பிறந்தது? நாற்பது வயதுக்குள் ஏன் கிழவியானாய்?" என்று யார் கேட்டாலும், பெரும்பாலும் "எல்லாம் தலையெழுத்து" என்ற ஒரே பதில்தான் வருகிறது. கொஞ்சம் பக்தி அதிகமானவர்களானால் "போன ஜன்மத்துப் பாவம்" என்பார்கள். அவர்களைக்கொண்டு வேலை வாங்குகிறவர்களோ, "அவர்கள் உழைக்கப் பிறந்தவர்கள், அந்த உடம்புக்கு அதெல்லாம் பழக்கம்" என்பார்கள்.

இந்த மூன்று பதில்களும் பொய்யென்றும், உள்ளபடி இது ஒரு சாதாரண வரவு செலவுக் கணக்கென்றும் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் மாட்டைப் பற்றிப் பேசுவோம். ஏர் மாடு வைத்திருந்த காலத்தில் எந்தக் குடியானவனாவது உழவு நாளில் தன் மாட்டுக்கு வெறும் வைக்கோலை மட்டும் போட்டானா? பருத்திக்கொட்டை அரைத்து வைப்பான். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கொடுப்பான். "வேலை அதிகம், தீனியும் அதிகம் வேண்டும்" என்பது எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தெரிந்திருந்தது. இன்று உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. அதற்கும் டீசல் ஊற்றாமல் யாரும் வயலில் இறக்குவதில்லை. கறவை மாட்டுக்கு இன்றைக்கும் புண்ணாக்கு வைக்கிறார்கள். மாடு மெலிந்தால் "அதன் தலையெழுத்து" என்று எந்த மாட்டுக்காரனும் சும்மா இருப்பதில்லை. தீனி போதவில்லை என்று உடனே கண்டுகொள்ளுகிறான். அதே வீட்டில் மருமகள் மெலிந்தால்தான் ஜாதகத்தைத் தேடுகிறான்! மாட்டின் விஷயத்தில் இருக்கிற பகுத்தறிவு மனுஷியின் விஷயத்தில் எங்கே போயிற்று என்று கேட்கிறோம்.

இனிக் கணக்குக்கு வருவோம். நெல்லை அளக்க மரக்கால் இருப்பதுபோல, உணவிலிருந்து உடம்புக்குக் கிடைக்கும் சக்தியை அளக்கக் கலோரி என்று ஓர் அளவு இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, உட்கார்ந்தே காலம் கழிக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரியும், கடுமையாக உடலுழைக்கும் ஆணுக்கு 3,470 கலோரியும் வேண்டும். பெண்ணுக்கோ, உட்கார்ந்திருந்தால் 1,660. கடுமையாக உழைத்தால் 2,720. கர்ப்பமாயிருந்தால் இதற்குமேல் இன்னும் 350 வேண்டும்.

வாசகர்கள் இந்த எண்களை மறுபடியும் பார்க்க வேண்டுகிறோம். நாள் முழுதும் குனிந்து நாற்று நடுகிற பெண்ணுக்கு, திண்ணையில் சாய்ந்து பஞ்சாங்கம் பார்க்கிற ஆணைவிட 610 கலோரி அதிகமாக வேண்டியிருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? ஆண்கள் முதலில் உண்பது, பிள்ளைகள் அடுத்து உண்பது, பெண் கடைசியில் பானையைச் சுரண்டுவது. அதற்கு ஒரு பெயர் வேறு வைத்திருக்கிறார்கள்: பத்தினித்தனமாம்! எரிகிற அடுப்பிலிருந்து விறகை உருவிக்கொண்டு, "அடுப்பே, நீ பொறுமைசாலி" என்று புகழ்வதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன?

"ரேஷனில்தான் அரிசி இலவசமாகக் கிடைக்கிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். கிடைப்பது உண்மை, நல்ல காரியமும்கூட. ஆனால் அதையும் கணக்குப் பார்த்துவிடுவோம். மாதம் 20 கிலோ வாங்கும் குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 133 கிராம். நூறு கிராம் அரிசிக்கு ஏறக்குறைய 350 கலோரி. ஆகவே ஆளுக்குச் சுமார் 465 கலோரி வரும். கடுமையாக உழைக்கும் பெண்ணுக்கு வேண்டியதில் இது ஆறில் ஒரு பங்கு. மீதி ஐந்து பங்கைக் கூலியிலிருந்துதான் வாங்கித் தின்ன வேண்டும். அந்தக் கூலி எப்போது வருகிறது, எப்போது வராமல் நிற்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

மரக்காணம் உப்பளத்தில் மழை விட்ட பிறகு தை மாதத்தில் வேலை தொடங்குகிறது. சேறு வாரி, வரப்புக் கட்டி, பாத்தியைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெய்யிலில் உப்பு விளையும். ஆண்கள் பலகைகொண்டு வாருவார்கள். பெண்கள் சும்மாடு வைத்துக் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். ஒரு கூடை 25 கிலோ என்று வைத்துக்கொண்டால், நூறு நடைக்கு இரண்டரை டன் உப்பு ஒரு பெண்ணின் கழுத்தின்மேல் ஏறி இறங்குகிறது. ஐப்பசி மழை வந்ததும் பாத்தி நீரில் மூழ்கும், வேலையும் மூழ்கும், கூலியும் மூழ்கும்.

அதே சமயத்தில் வயலைப் பாருங்கள். சம்பா நடவும் களையெடுப்பும் புரட்டாசி தொடங்கிக் கார்த்திகை வரையில் வருகின்றன. சேற்றில் நின்று முதுகு ஒடியக் குனியும் வேலை அது. அதுவும் தினம் கிடைப்பதில்லை. மழை விட்ட நாளில் மட்டும் உண்டு. அறுப்போ தையில்தான். அதுவரையில் குதிர் காலி, காய்கறி விலை ஏறும், குளிர் ஜுரமும் வயிற்றுப்போக்கும் வீட்டுக்குள் வரும், வட்டிக்காரனும் வருவான். வேலைக் கடுமையும் உணவுக் குறைவும் நோயும் கடனும் இப்படி ஒரே பருவத்தில் கைகோத்து வருவது வானூருக்கு மட்டும் உள்ள சாபமல்ல. பல ஏழை நாடுகளின் கிராமங்களிலும் இதே கதைதான் என்று ராபர்ட் சேம்பர்ஸ் முதலிய ஆராய்ச்சிக்காரர்கள் 1981-ல் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள். அத்தனை நாட்டு மக்களுக்கும் ஒரே பிரமனா தலையில் எழுதினான்? பருவம் ஒன்று, வறுமை ஒன்று. ஆகவே பலனும் ஒன்று.

இனி, "உழைக்கப் பிறந்த உடம்பு" என்ற புளுகை எடுத்துக்கொள்வோம். 1920-களில் நீலகிரியிலுள்ள குன்னூர் ஆராய்ச்சிசாலையில் ராபர்ட் மெக்கரிஸன் என்ற டாக்டர், ஒரே இனத்து எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் பல பாகத்து மக்கள் உண்ணும் உணவைக் கூட்டத்துக்கு ஒன்றாகக் கொடுத்து வளர்த்தார். ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உண்பதைத் தின்ற எலிகள் எல்லாவற்றிலும் கொழுத்து வளர்ந்தன. சென்னை ராஜதானியின் ஏழை அரிசி உணவைத் தின்ற எலிகள் எல்லாவற்றிலும் இளைத்திருந்தன. எலிக்கு ஏது ஜாதி? எலிக்கு ஏது முன் ஜன்மப் பாவம்? எந்த எலியாவது பிரமன் காலில் பிறந்ததா? உடம்பின் உரம் தட்டில் விழுவதைப் பொறுத்ததேயன்றிப் பிறப்பைப் பொறுத்ததல்ல என்று எலிகூட நிரூபித்துவிட்டது. நம் சாஸ்திரிகள் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

உடம்புக்கு இது "பழகிவிட்டது" என்பதும் ஏமாற்று வார்த்தையே. வரவு குறைந்தால் உடம்பு தன் சதையைக் கரைத்துச் செலவு செய்யும். அதுவும் குறைந்தால் அசைவைக் குறைத்துக்கொள்ளும். உடனே பண்ணைக்காரர் "சோம்பேறி" என்கிறார். எண்ணெய் தீர்ந்து நின்ற வண்டியைச் சோம்பேறி என்று யாராவது வைவார்களா?

இதில் பெரிய நஷ்டம் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குத்தான். அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்றொரு சிறு நாடு. அங்கும் மழைக்காலத்தில்தான் வயல் வேலை கடுமை. அப்போதுதான் தானியமும் தீர்ந்துபோகும். அந்தப் பருவத்தில் பிறக்கும் பிள்ளைகள் எடை குறைந்து பிறந்தன. அங்கே 28 கிராமங்களில் கர்ப்பிணிகளுக்குத் தினம் சுமார் ஆயிரம் கலோரி தரும் பிஸ்கோத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 1997-ல் வெளியான முடிவுப்படி, பஞ்சப் பருவத்தில் பிறந்த பிள்ளைகளின் எடை சராசரி 201 கிராம் கூடிற்று. செத்துப் பிறப்பதும், பிறந்த வாரத்துக்குள் சாவதும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. எந்தத் தேவதைக்கும் நேர்த்திக்கடன் செலுத்தவில்லை. எந்த மந்திரவாதியும் தாயத்துக் கட்டவில்லை.

அந்தப் பிஸ்கோத்தில் என்ன இருந்தது தெரியுமா? வறுத்த நிலக்கடலை, அரிசி மாவு, சர்க்கரை, கடலை எண்ணெய். அவ்வளவுதான்! தோழர்களே, நிலக்கடலை நம் ஊர் மல்லாட்டையல்லவா? நம் திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த கடலை ரகங்கள் டி.எம்.வி. என்று திண்டிவனத்தின் பெயரையே தாங்கி நாடெங்கும் விளைகின்றன. நூறு கிராம் மல்லாட்டையில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. உடம்பை வளர்க்கும் புரதம் 25 கிராம் இருக்கிறது. இதைக் கொல்லையில் பிடுங்குகிறவளும் ஆய்கிறவளும் யார்? இந்தப் பெண்தான். பருப்பு மண்டிக்குப் போகிறது; எண்ணெய் கடைக்குப் போகிறது; புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது; இவளுக்கு ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் டீ! அது பசியை அடக்குமேயன்றிப் போக்காது.

இப்படியிருக்க, நமது மதமோ பெண்களுக்கு என்ன வழி சொல்லுகிறது? வெள்ளிக்கிழமை விரதம், கிருத்திகை விரதம், ஏகாதசி விரதம். உண்டு கொழுத்தவன் ஒரு வேளை பட்டினி கிடந்தால் அவனுக்கு நஷ்டமில்லை. ஏற்கெனவே ஆயிரம் கலோரி கடன்பட்ட பெண் களையெடுக்கும் நாளில் பட்டினி கிடந்தால், அவள் புருஷனுடைய ஆயுள் வளர்வது இருக்கட்டும், அவள் ஆயுள் என்னாவது? ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம் என்கிறார்கள். கூழ் நல்ல உணவு. அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. வருஷத்தில் ஒரு நாள் கல்லின் பேரால் ஊற்றுவதைக் கார்த்திகை மாதம் முழுதும் கர்ப்பிணிகளின் பேரால் ஊற்றினால் அம்மன் கோபித்துக்கொள்ளுவாளா?

உப்பளத்துக்கு வெய்யில் என்ற இன்னொரு எதிரியும் உண்டு. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சிக்காரர்கள் 2017 முதல் 2020 வரையில் தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரீட்சித்தார்கள். பத்துக்கு ஒன்பது பேர், உடம்பு தாங்கக்கூடிய வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் சக்தி குறைந்திருந்தது. ஒதுங்க மறைவிடமில்லாத அளங்களில் பெண்கள் தண்ணீரையே குறைத்துக் குடிக்கிறார்கள். ஆண்கள் உடம்பு வலிக்குச் சாராயத்தைத் தேடுகிறார்கள். சாராயம் இங்கே என்ன செய்யும் என்பதை, 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெதனால் கலந்த கள்ளச் சரக்குக்குப் பத்துக்கு மேற்பட்டவர்கள் பலியானதில் பார்த்துவிட்டோம். 1930-ல் உப்பு வரிக்காக வேதாரணியத்துக்கு நடந்தார்கள்; 1947-ல் வரியும் போயிற்று. உப்பை வாருகிறவனுக்காகவும் சுமக்கிறவளுக்காகவும் யார் எங்கே நடந்தார்கள்?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்காலத்தில் 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-ல் தொடங்கிற்று. ஆனால் ஐப்பசி முதல் மார்கழி வரையில் மூன்று மாதத்துக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 55 ரூபாய். அதுவும் ஆளுக்கல்ல, குடும்பத்துக்கு! பள்ளிப் பிள்ளைக்கு 1982 முதல் சத்துணவு, 2022 முதல் காலைச் சிற்றுண்டி. அந்தப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு சேற்றில் நிற்பவளுக்கும் அதே நியாயத்தை நீட்டுவதில் என்ன தடை?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான்.

வீட்டில்: பெண்ணும் ஆணும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணட்டும். வேலை நாளில் விரதம் வேண்டாம். மல்லாட்டை விளைகிற வீட்டில் மண்டிக்கு மூட்டை கட்டுமுன், நாளுக்கு ஒரு கைப்பிடி வீதம் பெண்டு பிள்ளைகளுக்கு எடுத்து வைக்கட்டும்.

களத்தில்: பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பதை 1976-லேயே சமசம்பளச் சட்டம் குற்றமாக்கிவிட்டது, அதைக் கேட்டு வாங்கட்டும். நிழலும் நல்ல தண்ணீரும் மறைவிடமும் உச்சிவெய்யிலில் ஓய்வும் பிச்சையல்ல, வேலையின் பாகம் என்று சங்கமாய்ச் சேர்ந்து கேட்கட்டும்.

சர்க்காரிடம்: மழைக்கால உதவி அரிசி விலைக்கும் வயிற்றுக் கணக்குக்கும் பொருத்தமாக உயரட்டும்.

வருகிற சம்பா நடவுக்கு முன்பாக நம் தோழர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கூட்டம் போட்டு, இந்தக் கணக்கைப் பெண்கள் காதில் விழும்படி படித்துச் சொல்ல வேண்டுகிறோம். கூட்டத்தில் ஆண்களை முன்னால் உட்காரவைத்துப் பெண்களைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தாதிருக்கவும் வேண்டுகிறோம். தங்கள் உடம்பில் எவ்வளவு கடன் ஏறியிருக்கிறது, யார் யார் அதற்குக் கடனாளி என்பது தெரிந்தபின், தலையெழுத்தைப் பற்றிப் பேச வருகிறவனை அந்தப் பெண்களே பார்த்துக்கொள்ளுவார்கள்.