பழைய படத்துக்குப் புது 4கே: துடைத்தது தூசியையா, முகத்தையா?

இந்த வாரம் ஒரு சின்ன குவிஸோடு ஆரம்பிப்போம். ஒரு பக்கம், 1968-ல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’. இன்னொரு பக்கம், 2002-ல் வந்த ஜார்ஜ் லூகாஸின் ‘ஸ்டார் வார்ஸ்: அட்டாக் ஆஃப் தி க்ளோன்ஸ்’. இரண்டையும் 4கே டிவியில் போட்டால், எதில் அதிக நுணுக்கம் தெரியும்?

“புதுப் படத்தில்தான்” என்று சொன்னவர்களுக்கு மார்க் கிடையாது. பதில், 1968 படம்.

காரணம் எளிமையானது. லூகாஸ் தன் படத்தை அப்போது புத்தம் புதிதாக இருந்த ஹெச்.டி. டிஜிட்டல் கேமராவில் எடுத்தார். அது பதிவு செய்தது அதிகபட்சம் ஹெச்.டி. அளவு, அதாவது சுமார் 20 லட்சம் பிக்சல். இன்றைய 4கே டிவியில் இருப்பதோ சுமார் 83 லட்சம் பிக்சல். மிச்சத்தைக் கணினி ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். குப்ரிக் எடுத்தது 65 மி.மீ. ஃபிலிமில். வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமோடு ஒப்பிட்டால், அதன் ஒவ்வொரு பிரேமும் அகலத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். ஐம்பது வருடம் கழித்து அந்த நெகட்டிவை 8கே-யில் ஸ்கேன் செய்தபோதும், எடுக்க எடுக்க விவரம் வந்துகொண்டே இருந்தது. 2018-ல் அதன் 4கே டிஸ்க் வெளியானது. விண்கலத்துக்குள் ஒரு கதாபாத்திரம் திகைத்துப்போய்ப் படிக்கும் ‘ஜீரோ கிராவிட்டி டாய்லெட்’ விதிமுறைகளைக்கூட, பொறுமை இருந்தால் நாமும் சேர்ந்து படிக்கலாம்!

ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களை வரிசையாக 4கே-யில் இறக்குவதன் ரகசியம் இதுதான். பெட்டிக்குள் தூங்கும் நெகட்டிவில், தியேட்டரில் பார்த்தவர்களுக்கே கிடைக்காத விவரங்கள் ஒளிந்திருக்கின்றன.

கல் பொறுக்குவதும் பாலிஷ் போடுவதும்

வேலை எப்படி நடக்கிறது? முதலில் நெகட்டிவை ஒவ்வொரு பிரேமாக ஸ்கேன் செய்வார்கள். (இந்த ஸ்கேனர்களைத் தயாரிக்கும் ஜெர்மனியின் டி.எஃப்.டி. நிறுவனம், நம் சென்னை பிரசாத் குழுமத்துக்குச் சொந்தமானது என்பது கொசுறுத் தகவல்.) பிறகு தூசி, கீறல், கறை எல்லாவற்றையும் நீக்குவார்கள். கடைசியாக நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்வார்கள். இந்தக் கடைசி வேலைக்கு இப்போது ஹெச்.டி.ஆர். கைகொடுக்கிறது. இருட்டு நல்ல இருட்டாகவும், வெளிச்சம் நிஜ வெளிச்சமாகவும் தெரியும். ராத்திரி இருட்டும் நியான் விளக்குகளும் நிறைந்த ‘பிளேட் ரன்னர்’ (1982) போன்ற படங்களுக்கு இது வரம்.

இதுவரை சண்டை இல்லை. சண்டை ஆரம்பிக்கும் இடம், ‘கிரெய்ன்’.

பழைய படங்களில் திரை முழுக்கப் பொடிப்பொடியாக ஏதோ நெளிவது போலத் தெரியுமே, அதுதான் கிரெய்ன். பலரும் அதைத் தூசி என்று நினைக்கிறார்கள். ஃபிலிமில் பூசப்பட்டிருக்கும் ஒளியுணர் துகள்களில்தான் படமே உருவாகிறது. அந்தத் துகள்களின் தடயத்தைத்தான் நாம் கிரெய்ன் என்கிறோம். அரிசியில் கல் பொறுக்குவது நல்ல விஷயம். ஆனால் வெள்ளை வெளேர் என்று வரவேண்டும் என்பதற்காகத் தீட்டிக்கொண்டே போனால், தவிட்டோடு சத்தும் போய்விடும். கிரெய்னை முழுக்க நீக்கினாலும் அப்படித்தான். அதோடு சேர்ந்து தோலின் சுருக்கமும் துணியின் இழையும் போய்விடுகின்றன.

செல்போனில் பியூட்டி மோட் போட்டு செல்ஃபி எடுத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பரு போகும். கூடவே முகமும் கொஞ்சம் போகும்.

‘டெர்மினேட்டர் 2’ (1991) படத்துக்கு இதுதான் நடந்தது. 2017-ல் வந்த அதன் 4கே பதிப்பில் முகங்கள் மெழுகு பொம்மை போல வழவழப்பாகிவிட்டன என்று விமர்சகர்கள் கடுப்பானார்கள். அடுத்து, அதே ஜேம்ஸ் கேமரூனின் ‘ஏலியன்ஸ்’ (1986), ‘தி அபிஸ்’ (1989) படங்களின் 4கே டிஸ்க்குகள் 2024-ல் வந்தன. இந்த முறை நியூசிலாந்தில் இருக்கும் பீட்டர் ஜாக்சனின் பார்க் ரோட் போஸ்ட் நிறுவனம், கணினிக்குக் கற்றுக்கொடுத்துப் படத்தைத் தெளிவாக்கும் முறையைப் பயன்படுத்தியது. ‘தி அபிஸ்’ அதுவரை ப்ளூ-ரேயில்கூட வந்ததில்லை. தெளிவில்லாத டிவிடியை வைத்துக்கொண்டு காத்திருந்த ரசிகர்களில் ஒரு பகுதியினர் கொண்டாடினார்கள். இன்னொரு பகுதியினர், “கேமரா பார்க்காத விவரத்தைக் கணினி வரைகிறது” என்று கோபப்பட்டார்கள்.

கம்பி தெரிந்த கதை

அப்படியென்றால் கணினியைத் தொடவே கூடாதா? அவசரப்பட வேண்டாம். ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ (1953) படத்தின் கதையைக் கேளுங்கள்.

செவ்வாய் கிரகவாசிகளின் போர்க் கலங்களை மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டுத்தான் படம் பிடித்தார்கள். அன்றைய டெக்னிகலர் பிரின்ட்டின் மென்மையில் அந்தக் கம்பிகள் அமுங்கிப்போயின. ஆனால் பிற்காலத்தில் வந்த வீடியோ பதிப்புகளில், கலங்களுக்கு மேலே கம்பிகள் பளிச்சென்று தெரிந்தன. ‘என்னப்பா, பொம்மலாட்டமா?’ என்று அந்தத் தலைமுறை சிரித்தது. பாவம், 1953-ல் வேலை பார்த்தவர்கள்மீது தப்பே இல்லை! 2018-ல் பாரமவுண்ட் அந்தப் படத்தைப் புதுப்பித்தபோது, கணினி உதவியோடு கம்பிகளை மறைத்தது. நிறத்தையும் பழைய டெக்னிகலருக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தது.

இரண்டு இடத்திலும் கருவி கணினிதான். ஒரு இடத்தில் அது, 1953-ன் ரசிகர் பார்த்ததை நமக்குத் திருப்பிக் கொடுத்தது. இன்னொரு இடத்தில், 1991-ன் ரசிகர் பார்க்காத ஒன்றைக் கொடுத்தது. ஒரு 4கே பதிப்பு நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய எனக்குத் தெரிந்த சிறந்த அளவுகோல் இதுதான்: அன்று தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர் இதைப் பார்த்தால், “ஆமாம், இதுதான் நான் பார்த்த படம்” என்பாரா?

படம் யாருக்குச் சொந்தம்?

“எடுத்த டைரக்டரே ஓகே சொல்லிவிட்டார், உங்களுக்கு என்ன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கேமரூன் தன் படங்களின் புதிய பதிப்புகளை ஏற்றுக்கொண்டவர். தன் படத்தை மறுபடி தொட டைரக்டருக்கு உரிமை இருக்கிறது. ரிட்லி ஸ்காட்டும் 2007-ல் ‘பிளேட் ரன்னர்’ படத்துக்கு ‘ஃபைனல் கட்’ என்று ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார். யாரும் அழவில்லை. காரணம், பழைய பதிப்புகளும் கூடவே கடைக்கு வந்தன. வேண்டியவர் வேண்டியதைப் பார்த்துக்கொள்ளலாம்.

சிக்கல், புதியது வந்ததும் பழையது காணாமல் போகும்போதுதான்.

1977-ல் உலகத்தையே வரிசையில் நிற்கவைத்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் லூகாஸ் அதில் புது கிராஃபிக்ஸ் காட்சிகளைச் சேர்த்தார். ஹான் சோலோ முதலில் சுடும் புகழ்பெற்ற காட்சியையும் மாற்றினார். 2006-ல் அசல் பதிப்பு டிவிடியில் போனஸாக வந்தது, அதுவும் பழைய லேசர் டிஸ்க்குக்காகத் தயாரித்த மங்கலான பிரதியிலிருந்து. 2019-ல் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது அதே காட்சியில் இன்னொரு மாற்றம்! 2020-ல் வந்த 4கே டிஸ்க்கில் இருப்பதும் மாற்றப்பட்ட படமே. இத்தனைக்கும் இதே லூகாஸ்தான் 1988-ல் அமெரிக்க செனட் குழுவின் முன் போய், பழைய படங்களைப் பிற்காலத்தில் யாரும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று வாதாடியவர்.

என் வயதுக்காரர்களுக்கு இது வெறும் ரசிகர் சண்டை இல்லை. நாங்கள் பிறப்பதற்கு முன்பே வந்த படங்கள் இவை. நாங்கள் இவற்றை முதன்முதலில் பார்ப்பதே இந்தப் புதுப் பதிப்புகளில்தான். ‘அப்போதே இப்படித்தான் இருந்தது’ என்றுதான் நம்புவோம். டிஸ்க்கையாவது அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரீமிங்கில் இருக்கும் படத்தை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினால், காலையில் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடப் பழையது இருக்காது.

நேர்மைக்கு உதாரணம் வேண்டுமென்றால், ஜெர்மானிய மௌனப் படமான ‘மெட்ரோபோலிஸ்’ (1927) இருக்கிறது. வெட்டி எறியப்பட்ட அதன் காட்சிகள் 2008-ல் அர்ஜென்டினாவின் ப்யூனஸ் அயர்ஸ் நகரில் ஒரு 16 மி.மீ. பிரதியில் கிடைத்தன. உடம்பெல்லாம் கீறல். 2010-ல் படத்தோடு சேர்த்தபோது, முடிந்தவரை சுத்தம் செய்தார்கள். ஆனாலும் தழும்புகள் அப்படியே தெரிகின்றன. எது காணாமல் போய்த் திரும்பி வந்த காட்சி என்று யாரும் சொல்லாமலே நமக்குப் புரிந்துவிடுகிறது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது

* டிவியின் பிக்சர் மெனுவில் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால், பழைய படங்களுக்கு அதைப் போடுங்கள். இல்லையென்றால் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’, ‘மோஷன் ஸ்மூத்திங்’ இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஸ்டூடியோ விட்டுவைத்த கிரெய்னை உங்கள் டிவி துடைத்துவிடப்போகிறது!

* டிஸ்க் வாங்குவதென்றால், நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்ததா, இந்தப் பதிப்பு தியேட்டரில் வந்ததா, பிறகு மாற்றியதா என்று பாருங்கள். அட்டையில் இருக்கும் ‘4கே’ முத்திரை பிக்சல் கணக்கை மட்டும்தான் சொல்லும்.

* செல்போனில் பார்ப்பவர்கள் 4கே-க்காக டேட்டாவைக் கரைக்க வேண்டாம். பெரும்பாலான போன் திரைகளில் அவ்வளவு பிக்சல் கிடையாது. ஹெச்.டி.ஆர். இருந்தால் போதும், வித்தியாசம் தெரியும்.

அடுத்த முறை பழைய படம் ஒன்றில் பொடிப்பொடியாக ஏதாவது நெளிந்தால், ரிமோட்டைத் தேடாதீர்கள். அது ஃபிலிம் ஃபிலிமாகவே இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த பழைய படம் நாளை 4கே-யில் வந்தால், பளபளவென்று வேண்டுமா, பார்த்தது பார்த்தபடி வேண்டுமா? வீட்டில் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். அதைத் தியேட்டரில் பார்த்த கண்கள் அவர்களுடையவை.