வந்த ஊருக்கும் ஒரு கடன்

தமிழ்ச் சங்கங்களின் ஆண்டறிக்கைகளில் தவறாமல் இடம்பெறும் சொல் 'தொண்டு'. பொங்கல் விழா, நவராத்திரிக் கொலு, பட்டிமன்றம், தேர்வில் முதலிடம் பெற்ற நம் பிள்ளைகளுக்குப் பரிசு என்று வரிசையாகச் சொல்லி, "இவ்வாறு நம் சங்கம் தொண்டாற்றி வருகிறது" என்று முடிப்பார்கள். இவை அனைத்தும் வேண்டியவைதான். ஆனால் இவற்றின் பயன் யாரைச் சேர்கிறது? நம்மை மட்டும்தானே? தலைமுறைகளாக நமக்குச் சோறிட்டு வரும் இந்தக் கொல்கத்தா மக்களுக்கு, சங்கம் என்ற முறையில் நாம் செய்தது என்ன என்று கேட்டால் பதில் சொல்லச் சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது.

இதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது ஓர் ஆங்கிலேயக் குடும்பம். நாம் தமிழ்நாட்டை விட்டு வெளியே வந்து வாழ்கிறோம். அவர்கள் தங்கள் நாட்டை விட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்து வாழ்ந்தார்கள்.

ஜெஸ்ஸி பிராண்ட் 1907-இல் இந்தியா வந்த கிறித்தவ மிஷனரி. லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்த எவலின் என்ற பெண்மணியை 1913-இல் மணந்துகொண்டு, வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் குடியேறினார். அப்போது மலைக்குச் சாலை கிடையாது. மலேரியாவுக்குப் பயந்து சமவெளி மக்களே ஏறத் தயங்கிய இடம் அது. வாழவந்தி என்ற ஊரில் வீடு அமைத்துக்கொண்டு, மலைவாழ் மக்களின் நடுவே அவர்கள் தமிழ் பேசி வாழத் தொடங்கினார்கள்.

எடுத்த எடுப்பில் யாரும் அவர்களை வரவேற்கவில்லை. மதம் பரப்ப வந்தவர்கள் என்று தெரிந்து பூசாரி கடுமையாக எதிர்த்தார். ஆண்டுகள் சென்றன. அந்தப் பூசாரி காய்ச்சலில் விழுந்து, அருகில் செல்லவே மற்றவர்கள் அஞ்சிய வேளையில், அவரைக் கவனித்தவர்கள் இந்தத் தம்பதியர்தாம். இறக்கும் தறுவாயில் அவர் தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். பேச்சில் பிறக்காத நம்பிக்கை பணிவிடையில் பிறந்தது.

ஜெஸ்ஸி முழு மருத்துவர் அல்லர். ஓராண்டு மருத்துவப் பயிற்சி மட்டுமே பெற்றவர். அம்மலை மக்களை வாட்டிய நோய்களுள் ஒன்று நரம்புச் சிலந்தி. காலில் புண்ணாகி, நீளமான புழு ஒன்று மெல்ல வெளியே வரும் கொடிய நோய். புழுவை எடுத்து மருந்து போடுவதோடு அவர் நின்றுவிடவில்லை. புண் உள்ளவர்கள் கிணற்றுப் படிகளில் இறங்கித் தண்ணீர் மொள்ளும்போது புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கின்றன. அந்நீரைக் குடிப்பவர்களுக்கு நோய் தொற்றுகிறது. இதை மக்களுக்கு எடுத்துச் சொல்லி, யாரும் உள்ளே இறங்க முடியாதபடி கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் செய்தார். பின்னாளில் நாடு முழுவதும் அரசு இதே வழியைப் பின்பற்றியது. இந்தியாவில் இந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1996-இல். 2000-இல் இந்தியா இந்நோய் அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒரு கிணற்றுச் சுவருக்கு இவ்வளவு ஆற்றல்!

இந்தத் தொண்டுக்கு அக்குடும்பம் கொடுத்த விலையும் சிறிதன்று. மகன் பால், மகள் கான்னி இருவரையும் 1923-இல் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது 9 வயது. தந்தையை அவன் மறுபடி பார்க்கவே இல்லை. 1929 ஜூன் மாதத்தில் ஜெஸ்ஸி மலையிலேயே காய்ச்சலுக்குப் பலியானார். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. தந்தை உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் அதன் பிறகும் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தன. பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்காக வடக்கே வந்த பெற்றோர் நம்மிடையேயும் உண்டு. அந்த வலி என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப் பிள்ளைகளைப் பிரிந்ததை நான் போற்றிச் சொல்லவில்லை. தொண்டு செய்பவர் கொடுக்கும் விலையில் பெரும்பகுதியை அவர் பிள்ளைகள் கேட்காமலே சுமக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

கணவர் மறைந்த பின் எவலின் அம்மையார் ஊர் திரும்பி ஓய்வாக இருந்திருக்கலாம். அவர் இந்தியாவிலேயே பணியைத் தொடர்ந்தார். எழுபது வயதை நெருங்கும்போது மிஷன் நிர்வாகம் மீண்டும் அனுப்பத் தயங்கியது. ஓராண்டு மட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஆண்டு முடிந்ததும் பணியிலிருந்து ஓய்வு பெற்று, யாருடைய சம்பளமும் இல்லாமல் மலைக்கே போய்விட்டார். கீழே விழுந்து எலும்பு முறிந்தபோதும், இரு கைகளிலும் மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. 1974-இல் 95-ஆம் வயதில் மறைந்தபோது, கணவரின் கல்லறைக்கு அருகில் அவரை அடக்கம் செய்தார்கள்.

மகன் பால் பிராண்ட் அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்று அதுவரை எண்ணி வந்தார்கள். வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் பட்டுச் சிதைகின்றன என்று கண்டு சொன்னவர் அவர். மடங்கிப் போன கைகளைத் தசைநாண் மாற்றும் அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். அங்கேயும் தொண்டைப் பற்றிய ஒரு பாடம் காத்திருந்தது. கை சரியான நோயாளிகள் சிலர், முன்போலப் பிச்சை கிடைக்கவில்லை, வேலை தருவாரும் இல்லை என்று திரும்பி வந்தார்கள். கையைச் சரிசெய்தால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு தொழிலும் வேண்டும் என்று உணர்ந்து, மரவேலை முதலியவற்றைக் கற்றுத் தரும் இல்லம் ஒன்றை ஏற்படுத்தினார்.

"அவர்கள் மதம் மாற்ற வந்தவர்கள்தானே, அவர்களைப் போய்ப் பாராட்டலாமா?" என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தங்கள் சமயத்தைப் பரப்புவது அவர்கள் நோக்கம் என்பதை அவர்களே மறைத்ததில்லை. வெள்ளையர் ஆட்சியின் நிழலில்தான் வந்தார்கள் என்பதும் உண்மை. அதை ஏற்க மறுக்க நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கிணற்றுச் சுவர் எந்தச் சமயத்தையும் சேர்ந்ததன்று. அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் வேலை செய்த முறையை. வந்த ஊரின் மொழியைப் பேசினார்கள். தங்களிடம் மிஞ்சியதைக் கொடுக்காமல் அவ்வூருக்கு எது குறை என்று பார்த்தார்கள். அவ்வூராரிடமே வேலையை ஒப்படைத்தார்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் வேலூர் மருத்துவமனை. நாடு விடுதலை பெற்ற சமயத்தில் அதன் பொறுப்பை ஏற்றவர் ஹில்டா லாசரஸ் என்ற இந்திய மருத்துவர். தொடங்கியவர் கையைவிட்டு மாறியதால்தான் அது இன்றும் நிற்கிறது. நம் வள்ளுவர் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஊரோடு ஒத்து உதவி வாழ்வது நமக்குப் புதிய பாடமும் அன்று.

சரி, நம்மால் என்ன முடியும்? விடை வேலூரிலேயே இருக்கிறது. வங்காளத்திலிருந்து எத்தனை குடும்பங்கள் ஆண்டு முழுவதும் வைத்தியத்துக்காகக் காட்பாடிக்கு ரயில் ஏறுகின்றன என்பது நமக்குத் தெரியும். மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் கடைகளிலும் வங்காள எழுத்தில் பலகைகள் தொங்குகின்றன. ஆனாலும் வர்த்தமானிலிருந்தோ முர்ஷிதாபாதிலிருந்தோ முதல்முறையாகப் புறப்படும் ஒரு குடும்பத்துக்கு எத்தனை கவலைகள்! டாக்டரைப் பார்க்க முன்பதிவு எப்படிச் செய்வது, எந்தக் காகிதங்களைக் கொண்டுபோவது, இடைத்தரகரிடம் ஏமாறாமல் எங்கே தங்குவது, நள்ளிரவில் ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது?

இரண்டு ஊரையும் இரண்டு மொழியையும் அறிந்தவர்கள் நம்மைத் தவிர வேறு யார்? சனிக்கிழமைதோறும் மாலையில் இரண்டு மணி நேரம் சங்கத்தின் அறையைத் திறந்து வைப்போம். முன்பதிவு செய்து கொடுக்க நம் இளைஞர்கள் போதும். அவர்களுக்குக் கணினி கைவந்த கலை. ஓய்வு பெற்ற பெரியவர்கள் காகிதங்களைச் சரிபார்த்து, புறப்படுவோருக்கு வேண்டிய விவரங்களை வங்காளத்தில் ஒரு தாளில் எழுதித் தரட்டும். வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் உறவினர் உள்ள நம் குடும்பங்கள், அவர்கள் சம்மதத்தோடு, அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண் கொடுக்கட்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை, வாரந்தவறாமல் வந்து உட்காரும் நாலு பேர்தான் தேவை. பேட்டையிலுள்ள வங்காளி கிளப் நண்பர்களையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும். நாளை நாம் ஓய்ந்தாலும் அவர்கள் நடத்துவார்கள்.

விழாக்களைக் குறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் மொழியும் கலையும் நம் பிள்ளைகளிடம் நிலைக்க அவை வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டு வங்காளித் தாய் "தமிழ்ச் சங்கமா? எங்கள் வீட்டுக்காரர் வேலூர் போனபோது உதவினார்களே!" என்று சொல்லும் நாள் வந்தால், நம் விழா மேடைகளைவிட அதுவே தமிழுக்குப் பெருமை சேர்க்கும் என்பது என் தாழ்மையான கருத்து. அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக முன்வைக்க இருக்கிறேன். ஆதரித்துக் கை தூக்குவதோடு, எந்தச் சனிக்கிழமை தங்களால் வர முடியும் என்பதையும் அன்பர்கள் சொல்ல வேண்டும்.