டைமிங் முக்கியம் அமைச்சரே!

தலைப்பைப் பார்த்துட்டு நான் ஏதோ பெரிய மாஸ்டர்னு நினைச்சுடாதீங்க மக்களே. இன்ஜினியரிங் படிக்கும்போது மூணு வருஷம் கராத்தே, பிரவுன் பெல்ட்டோட சரி. இப்பல்லாம் என் கைவரிசை கீபோர்டுல மட்டும்தான் :-)

போன மாசம் எங்க ஆபீஸ்ல பெண்களுக்கு தற்காப்புப் பயிற்சின்னு ரெண்டு மணி நேரம் நடத்தினாங்க. ஓரமா நின்னு பார்த்தேன். மணிக்கட்டைப் பிடிச்சா இப்படித் திருப்பு, பின்னாலேருந்து கட்டிப் பிடிச்சா முழங்கையால இடி, இப்படி மொத்தம் ஒரு டஜன் உத்தி. பிடிக்கிற ஆளு சமர்த்தா பிடிச்சுட்டு, இவங்க திருப்பி முடிக்கிற வரைக்கும் காத்துட்டு நின்னாரு. கடைசியில எல்லாருக்கும் சர்டிபிகேட். எங்க டீம் பொண்ணு ஒருத்தி "இனிமே நைட் ஷிப்ட் முடிஞ்சு தனியாவே நடந்து போயிடுவேன்"னு சிரிச்சப்ப எனக்குப் பகீர்னு இருந்துச்சு.

உத்தியில தப்பே இல்லை. அதை எப்போ செய்யணும்ங்கிறதை மட்டும் யாரும் சொல்லித் தரலை. சண்டையில பாதிக்கு மேல அந்த 'எப்போ'தான் என்பது என் கட்சி.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். கண்ணுல ஒண்ணு பட்டு கை அசைய ஆரம்பிக்கவே சுமார் 0.2 செகண்ட் ஆகும். அதுவும், செய்ய வேண்டியது இன்னதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சா. எதைச் செய்யறதுன்னு தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தா இன்னும் லேட்டாகும்; வழிகள் கூடக் கூட தாமதமும் கூடும்னு 1952லேயே ஹிக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் காட்டிட்டார். அப்ப, அரைகுறையா கத்துக்கிட்ட 12 உத்தியில எதுன்னு மண்டை தேடி முடிக்கிறதுக்குள்ள மூஞ்சியில குத்து விழுந்திருக்கும். நம்ம பாஷையில சொன்னா, இந்த லேட்டன்சியை ஓரளவுக்கு மேல குறைக்க முடியாது. வரப்போறதை முன்னாடியே ஊகிக்கத்தான் முடியும்.

ஜப்பான்காரங்க இதை மூணாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. எதிராளி அடிச்ச பிறகு தடுத்துத் திருப்பி அடிச்சா கோ நோ சென். அவன் அடி கிளம்பும்போதே நம்ம அடியும் போனா சென் நோ சென். அடிக்கணும்னு அவன் மனசுல முடிவு பண்ணின கணத்தையே பிடிச்சா சென்சென் நோ சென். புரூஸ் லீ 1967ல தன் முறைக்கு வெச்ச ஜீத் குன் டோ என்ற பேருக்கே 'குறுக்கிடும் முஷ்டியின் வழி'ன்னுதான் அர்த்தம். வாள்சண்டையில இருக்கிற ஸ்டாப் ஹிட்டை அவர் கைக்குக் கொண்டு வந்தார்.

நம்பலைன்னா 2015 டிசம்பர்ல நடந்த ஆல்டோ - மெக்ரெகர் சண்டையைத் தேடிப் பாருங்க. பத்து வருஷமா தோக்காத ஆல்டோ வேகமா பாய்ஞ்சு வர்றார். மெக்ரெகர் லேசா பின்வாங்கி இடது கையை விடறார். 13 செகண்ட்ல ஆட்டம் குளோஸ். ஆல்டோவோட வேகமே அவருக்கு வில்லன் ஆயிடுச்சு.

இது எப்படி வரும்? ஒத்துழைக்காத ஆளோட மோதினாத்தான் வரும். 1882ல கோடோகான் ஆரம்பிச்ச ஜிகோரோ கானோ, பழைய ஜுஜுட்சுவுல ஆபத்தான அடிகளை ரந்தோரியில அனுமதிக்கலை. ரந்தோரின்னா ரெண்டு பேரும் முழு பலத்தோட, அடுத்து என்ன வரும்னு தெரியாம மோதிப் பழகறது. உத்தி கம்மி, ஆனா உடம்புக்கு நேரம் பிடிபடும். ஒரு டஜன் உத்திக்குப் பதிலா ரெண்டே ரெண்டு, அதுவும் மல்லுக்கட்டுற ஆளோட ஆறு மாசம்னா நானே கைதட்டியிருப்பேன். ரெண்டு மணி நேரத்துல சர்டிபிகேட் கொடுக்கிறது அந்தப் பொண்ணுக்குப் பண்ற துரோகம்னுதான் எனக்குப் படுது.

ரோட்டுல இந்த 'எப்போ' இன்னும் முன்னாடியே ஆரம்பிச்சுடுது. 1983ல டென்னிஸ் டூலர்னு ஒரு அமெரிக்க போலீஸ்காரர் எழுதினார்: கத்தியோட ஓடி வர்றவன் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை செகண்ட்ல கடந்துடுவான். உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும். துப்பாக்கி இருக்கிறவனுக்கே இந்த கதி. நம்மகிட்ட இருக்கிறது லேப்டாப் பை. முன்பின் தெரியாதவன் "பாஸ், மணி என்ன?"ன்னு கேட்டுக்கிட்டே தேவைக்கு மேல கிட்ட வர்றான் பாருங்க, அங்கேயே நகர்ந்துடணும். மணிக்கட்டைப் பிடிச்ச பிறகு யோசிச்சா, நாம ஏற்கெனவே கோ நோ சென்னுக்கும் லேட்.

இன்னொரு விஷயம், நம்ம சட்டமும் டைமிங்தான் பார்க்குது. முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் 102ஆ இருந்தது, 2024 ஜூலையிலேருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல பிரிவு 40. உடம்புக்கு ஆபத்துன்னு நியாயமான அச்சம் வந்த உடனே தற்காப்பு உரிமை ஆரம்பிச்சுடும். முதல் அடி விழற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அச்சம் இருக்கிற வரைக்கும்தான் உரிமையும். அவன் பயந்து ஓடின பிறகு துரத்திப் போய் நாலு சாத்து சாத்தினா, அது தற்காப்புக் கணக்குல வராது. நம்ம ஹீரோக்கள்ல முக்கால்வாசிப் பேர் இடைவேளைக்குள்ள உள்ளே போயிருக்கணும் :-)