விண்கலத்துக்கும் ஒரு தண்டையல்

விண்வெளிக் கதைகளில் கலத்தை நடத்துபவர் பெரும்பாலும் கப்டன்தான். 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’கில், கலத்துக்குள் அறிவிப்பு வருமுன் மாலுமிகளின் விசில் ஒலிக்கும். பறக்கிற கலத்துக்கு ஏன் கடற்படைப் பழக்கம்? விடை கொழும்பில் வாழ்ந்த ஒருவரின் நாவலில் இருக்கிறது.

ஆர்தர் சி. கிளார்க் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் றேடார் அதிகாரி. கண்தெரியாத வானிலையில் வரும் விமானியைத் தரையிலிருந்தே வழிசொல்லி இறக்கும் வேலையில் இருந்தவர். 1956இல் இலங்கைக்குக் குடிவந்து, இந்தக் கடலில் சுழியோடி, 2008இல் இங்கேயே காலமானார். 1973இல் வெளிவந்த ‘ரெண்டவூ வித் ராமா’ நாவலில் தன் விண்கலத்துக்கு அவர் ‘எண்டவர்’ என்று பெயர் வைத்தார். 1768இல் கப்டன் ஜேம்ஸ் குக் புறப்பட்ட கப்பலின் பெயர் அது. 1971இல் அப்போலோ 15 கலமும் அதே பெயரோடு நிலவுக்குப் போனது.

நாவலின் கப்டன் நோர்ட்டன், குக்கைக் கொண்டாடுபவர். ராமா என்ற அந்நியக் கலத்தைத் தகர்க்கப் புதன் கோள்வாசிகள் குண்டு அனுப்புகிறார்கள். அதைச் செயலிழக்கச் செய்ய ஓர் அதிகாரி அனுமதி கேட்கிறார். குண்டை வெடிக்கவைக்கும் கட்டளை புதனிலிருந்து வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும், அதுதான் அவகாசம். நோர்ட்டன் யோசித்து அனுமதிக்கிறார். குண்டின் கேபிள்கள் வெட்டப்படுகின்றன.

விமானி தரையோடு பேசியபடியே இறங்கலாம். செவ்வாய்க்கோ ஒரு சொல் போய்ச்சேரவே 20 நிமிடங்களுக்கு மேலாகலாம். கேட்டுச் செய்ய முடியாத தூரத்தில் முடிவெடுத்து, அதன் பழியையும் தானே ஏற்கும் ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பைப் பல நூற்றாண்டுகளாகச் சுமந்து பழகியவர்கள் கடலோடிகள். சீருடையும் சல்யூட்டும் அதற்குப் பின்னால் வருபவை.

எங்களிடமும் அந்த மரபு உண்டு. வடக்கின் வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். எங்கள் மாலுமிகள் அத்திலாந்திக்கைக் கடந்து, 1938இல் அதை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். நடுக்கடலில், கப்பலை நடத்தும் தண்டையலின் சொல்லுக்கு மேல் சொல் இல்லை.

தமிழில் விண்வெளிக் கதை எழுதும் பிள்ளைகளே, உங்கள் கலத்தில் ஒரு தண்டையலை ஏற்றுங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வடக்கின் கப்பற்காரக் குடும்பங்களின் மூத்தவர்களைத் தேடிப் போங்கள். புயலில் எப்போது பாயை இறக்குவது, எந்தச் சரக்கை முதலில் கடலில் தள்ளுவது, குடிதண்ணீர் குறைந்தால் யாருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அந்தப் பதில்களில் உங்கள் கதைக்கான சட்டம் முழுவதும் இருக்கும்.