இரண்டு நாள் என்னும் அளவுகோல்

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இரண்டு நாட்களுக்கு மேல் வெள்ளம் சூழ்ந்து வாழ்வாதாரம் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 2,000 ரூபாய் தரப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. தொகை போதாது என்று ஏற்கெனவே பலரும் சொல்லிவிட்டார்கள். 2023இல் மிக்ஜாம் புயலுக்குச் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் 6,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. ஃபெஞ்சலுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களும் புதுச்சேரியும் எங்கே பிரிகின்றன என்று அங்கே வாழ்கிறவர்களுக்கே ஊருக்கு ஊர் குழம்பும். ஒரே புயல், ஒரே மழை, தெருவுக்கு ஒரு விலை. மக்கள் சாலையில் உட்காராமல் வேறென்ன செய்வார்கள்?

ஆனாலும் தொகையைவிட நம்மை அதிகம் உறுத்துவது, அறிவிப்பின் நடுவே வைக்கப்பட்டிருக்கும் அந்த நிபந்தனைதான். இரண்டு நாட்களுக்கு மேல். தொகையை நாளைக்கே கூட்டிவிடலாம். இந்த மூன்று சொற்கள் பட்டியலிலிருந்து வெளியேற்றுகிற குடும்பங்களுக்கு அதனால் ஒரு ரூபாய்கூடக் கூடாது.

டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. ஆற்று வெள்ளம் எப்படி வரும், எப்படிப் போகும் என்பது கரையோரத்தில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். ஆள் உயரத்துக்கு வரும். வந்த வேகத்தில் கதவைப் பெயர்க்கும், தொழுவத்தில் கட்டிக்கிடந்த மாட்டைக் கயிற்றோடு இழுத்துப் போகும், நெல் மூட்டையையும் பீரோவையும் பிள்ளைகளின் புத்தகத்தையும் ஒன்றாகச் சுருட்டும். பிறகு வடிந்துவிடும். வடிந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்குச் சேறும் மணலும் மிஞ்சும். கழனியில் வரப்பு எது, வாய்க்கால் எது என்று அடையாளம் தெரியாது. இவ்வளவும் சில மணி நேரத்தில் நடந்து முடிந்துவிடும். அப்படி எல்லாவற்றையும் தொலைத்த குடும்பம், தண்ணீர் இரண்டு நாள் நிற்கவில்லை என்பதால் பாதிக்கப்படாத குடும்பமாகிவிடுகிறது.

தண்ணீர் நாள்கணக்கில் தேங்குவது ஏரிகளை மூடிக் கட்டிய நகரத்தின் பிரச்சினை. முடிச்சூரிலும் பள்ளிக்கரணையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் வடிய வழியில்லாமல் நிற்கும். அங்கே நாளை எண்ணுவதில் ஓரளவு பொருள் உண்டு. சரிவில் பாய்ந்து ஓடுகிற ஆற்றின் கரையில் அதே அளவுகோலைக் கொண்டுவந்து வைத்தவர்கள், தென்பெண்ணையை நகரத்துத் தெருவாக நினைத்துவிட்டார்கள்.

சரி, நாளை எண்ணுவது யார்? கிராம நிர்வாக அலுவலர். அவர் எப்போது வந்தார்? அரசூர், இருவேல்பட்டுப் பகுதியில் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையே வெள்ளத்தில் மூழ்கி வாகனங்கள் நின்றுபோயின. நெடுஞ்சாலைக்கே அந்தக் கதி என்றால் உள்ளே இருக்கும் கிராமங்களுக்கு அலுவலர் எப்படிப் போயிருக்க முடியும்? அவர் மீது குற்றமில்லை. ஆனால் வழி திறந்து அவர் போய்ச் சேரும்போது தண்ணீர் இருக்காது, சேறுதான் இருக்கும். சுவரில் படிந்த சேற்றுக்கோடு தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று சொல்லும். எத்தனை மணி நேரம் நின்றது என்று எந்தச் சுவரும் சொல்லாது. ஆகவே அவர் விசாரித்து எழுத வேண்டும். விசாரணை என்றால் யாரிடம், யாருக்கு வேண்டியவரிடம் என்ற கேள்வி வரும். ஒரே தெருவில் நான்கு வீடு பட்டியலில் இருக்கும், ஐந்தாவது வீடு இருக்காது. அந்த ஐந்தாவது வீட்டுக்காரர் கோட்டைக்குப் போய்ச் சண்டை போட மாட்டார். கடைநிலை அலுவலரின் சட்டையைத்தான் பிடிப்பார். ஊரை இரண்டாக்கும் சண்டையை ஆணையிலேயே எழுதி அனுப்பிவிட்டு, பழியை ஏற்க ஒரு கிராம நிர்வாக அலுவலரை முன்னே நிறுத்தியிருக்கிறார்கள்.

இரண்டு நாட்களுக்கு மேல் என்ற வாசகம் மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிமுறைகளிலேயே இருக்கிறது என்று சமாதானம் சொல்லக்கூடும். இருக்கிறது. உடை, பாத்திர இழப்புக்கான இனத்தில் இருக்கிறது. அதை முழுதாகப் படிக்க வேண்டும். வீடு அடித்துச் செல்லப்பட்டவர்கள், வீடு முழுதும் இடிந்தவர்கள், இவர்களோடு சேர்த்து இரண்டு நாட்களுக்கு மேல் வெள்ளத்தில் மூழ்கிய வீட்டுக்காரர்கள் என்று அங்கே மூன்று வகையினர் வருகிறார்கள். தொகையும் துணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 என்று சேர்த்தால் 5,000 ஆகிறது. மூன்று வகையில் கடைசி வகையை மட்டும் உருவி, தொகையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டு, விதிப்படி செய்தோம் என்று யாரும் சொல்ல முடியாது. தவிர, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிவாரணத்தின் தரத்தை வகுக்கும் பொறுப்பை மாநில ஆணையத்துக்குத் தெளிவாகவே கொடுத்திருக்கிறது. தேசிய ஆணையம் வகுத்த குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது மட்டும்தான் கட்டுப்பாடு. மேலே போவதற்கு எந்தத் தடையும் இல்லை.

மூன்று மாவட்டம் என்ற எல்லைக்கோட்டையும் சும்மா விட முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்திவைத்த வண்டிகளை வெள்ளம் உருட்டிச் சென்றதை நாடே பார்த்தது. அந்த அறிவிப்பில் ஊத்தங்கரைக்கு 2,000 ரூபாய்கூட இல்லை. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடி, குழந்தைகள் உட்பட ஏழு பேரைப் பலிகொண்டது. அதே மாவட்டத்தில்தான் சாத்தனூர் அணையும் இருக்கிறது. அந்த மாவட்டமும் பட்டியலில் இல்லை.

இப்படிக் கோடு போடுவது இவர்களுக்குப் புதிதல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து தாமிரபரணிக் கரை முழுதும் மூழ்கியபோது, தாலுகா எல்லையை வைத்து 6,000 ரூபாய் என்றும் 1,000 ரூபாய் என்றும் பிரித்தார்கள். அதற்குச் சில நாள் முன்னால் சென்னையில், ரேஷன் அட்டை இல்லாதவர்களையும் வருமான வரி கட்டுகிறவர்களையும் விண்ணப்பப் படிவம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பிழைக்க வந்து வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்தின் அட்டை சொந்த ஊரில் இருக்கும், தண்ணீர் புகுந்தது வாடகை வீட்டில். படிவத்தைக் கொடுத்துவிட்டு, ஏற்றார்களா தள்ளினார்களா என்ற ஒரு வரிப் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் எத்தனை பேர்!

இன்னும் பின்னால் போனால் 2018இன் கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடும், விழுந்த மரத்தை அகற்ற 500 ரூபாயும் நிர்ணயித்தார்கள். புதிதாக வைத்த கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதைத் தின்னும் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. 2017இல் ஒக்கி புயல். ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. எத்தனை பேர் திரும்பவில்லை என்ற எண்ணிக்கையிலேயே அரசுக்கும் ஊர்களுக்கும் இடையே நாள்தோறும் தகராறு. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு ஆண்டு வேண்டும் என்ற சட்டத்தைக் காட்டி, கரையில் அழுதுகொண்டிருந்த பெண்களைக் காக்கவைத்தார்கள். போராடிய பிறகுதான் வழி பிறந்தது. ஆட்சிகள் மாறியிருக்கின்றன, முதலமைச்சர்கள் மாறியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நிவாரண ஆணைக்கு வரைவு எழுதுகிறவர்களின் புத்தி மட்டும் மாறுவதாக இல்லை. யாருக்குக் கொடுக்கலாம் என்பதைவிட யாரைக் கழிக்கலாம் என்பதிலேயே அவர்களின் திறமை முழுதும் செலவாகிறது.

இவை எல்லாவற்றையும்விட ஆறாத கோபம் ஒன்று உண்டு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்து அடையாற்றங்கரையை மூழ்கடித்ததை மத்திய தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை மனிதரால் நேர்ந்த பேரழிவு என்றே சொன்னது. அதன் பிறகு நீர்திறப்பு, முன்னெச்சரிக்கை எல்லாம் சீர்செய்யப்படும் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். ஒன்பது ஆண்டு கழித்துச் சாத்தனூர். அணையின் பாதுகாப்புக்காகத் திறந்தே ஆக வேண்டியிருந்தது என்கிறார்கள். இருக்கட்டும். பலமுறை எச்சரிக்கை கொடுத்தோம் என்கிறார்கள். அதுவும் இருக்கட்டும், எச்சரிக்கை எந்த ஊரில் எத்தனை மணிக்கு யார் காதில் விழுந்தது என்பதை ஊர் ஊராக வெளியிடட்டும். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அந்த நேரத்தில் அவ்வளவு தண்ணீரை அனுப்பியது வானம் மட்டுமல்ல, அரசின் கையும் அதில் இருக்கிறது. மதகைத் திறந்த அரசே இப்போது வந்து, தண்ணீர் உங்கள் வீட்டில் எத்தனை நாள் நின்றது என்று கேட்கிறது. இரண்டு நாள் நிற்கவில்லையா, அப்படியானால் உங்களுக்கு இல்லை என்கிறது. வேகமாகப் பாய்ந்ததால்தான் அழிவு இவ்வளவு பெரிது. வேகமாகப் பாய்ந்ததால்தான் விரைவாக வடிந்தது. அழித்த வேகத்தையே நிவாரணம் மறுக்கக் காரணமாக்கும் ஓர் ஆணையில் கையெழுத்திட எப்படி மனம் வந்தது?

பயிர் இழப்புக்கு இறவை நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தார்கள். ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வரவில்லை. 33 விழுக்காடு அல்லது அதற்கு மேல் சேதம் என்று எழுதித்தர வேண்டும். அடங்கல் பதிவேட்டில் பெயர் இல்லாத குத்தகை விவசாயிக்கு அதுவும் கிடைப்பது நிச்சயமில்லை. சம்பாவும் மணிலாவும் போனது ஒருபக்கம் இருக்க, நிலத்தின்மேல் ஏறிக்கிடக்கும் மணலை அள்ளிக் கொட்டாமல் அடுத்த போகமும் இல்லை. சிறு, குறு விவசாயிகளின் நிலத்தில் படிந்த மண்ணை அகற்ற மத்திய விதிமுறைகளில் தனியே ஓர் இனம் உண்டு. அதைத் தேடி எடுத்துக் கொடுக்கும் அக்கறை யாருக்காவது இருக்கிறதா?

மத்திய அரசு தாராளமாக நடந்துகொண்டது என்று நாம் சொல்லவில்லை. இடைக்கால உதவியாக 2,000 கோடி ரூபாய் கேட்ட மாநிலத்துக்கு வந்தது 944.80 கோடி. அதுவும் மாநிலப் பேரிடர் நிதிக்கு வழக்கமாகத் தர வேண்டிய பங்குதான். அதற்காகத் தில்லியோடு போராட வேண்டியதுதான். ஆனால் ஊத்தங்கரையை விடச் சொன்னதும், ஆற்றங்கரையில் நாளை எண்ணச் சொன்னதும் தில்லி அல்ல. நிவாரணம் போய்ச் சேருவதைக் கண்காணிக்க வேண்டிய வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை, ஆணை வெளியான பிறகு கணக்குப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், ஆணை எழுதும்போதே கரையோர ஊர்களைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

இழப்பை இழப்பாக அளக்கும் ஒரு முறை வேண்டும். பட்டியலை ஊர்ச்சாவடியில் எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும், விடுபட்டவர் முறையிட ஓர் இடம் வேண்டும், முறையீட்டுக்குப் பதில் வர வேண்டும். எப்படிச் செய்வது என்பதை அவர்கள் உட்கார்ந்து யோசிக்கட்டும். முதலில் அந்த இரண்டு நாள் நிபந்தனையை ஆணையிலிருந்து நீக்கட்டும். ரேஷன் கடைகளில் பணம் கொடுத்து முடிக்கும் முன்பே நீக்கட்டும். கணக்கை மூடிய பிறகு திருத்தம் வந்தால், விடுபட்ட குடும்பங்கள் மறுபடியும் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தாலுகா அலுவலக வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.