வெற்றுத் தாளில் கையெழுத்தா?

சென்ற மாதம் நமது தோட்டத்தில் பால்வெட்டும் தம்பதிகள் இருவர், டவுனில் உள்ள சிறிய பழைய கார்க் கடை ஒன்றில் கார் வாங்கினர். முன்பணம் 3,000 வெள்ளி. அது மூன்றாண்டுகளாகச் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம். ஒன்பதாம் நாள் கியர்பாக்ஸ் நின்றுவிட்டது. கடைக்காரரிடம் போனால், "மூன்று மாத உத்தரவாதம் என்று நான் எங்கே எழுதிக் கொடுத்தேன்?" என்கிறார். உண்மைதான், அவர் எழுதிக் கொடுக்கவில்லை. வாயால்தான் சொன்னார்.

அவர்கள் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தபோது, நமக்குக் கோபம் கடைக்காரர் மேல் மட்டும் வரவில்லை. மூன்று இடங்களில் கையெழுத்து. விலை எழுதும் கட்டமோ காலி! "அப்புறம் நிரப்பிக்கொள்கிறேன் அண்ணே" என்றாராம்.

தோழர்களே, பெரட்டில் மேனேஜர் வாயால் சொல்லும் சம்பள உயர்வை நாம் நம்புவோமா? 1954ல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் தோன்றிய நாள் முதல், முதலாளிமாருடன் எதையும் எழுத்தில்தான் பேசி முடித்து வந்திருக்கிறோம். துரைமாரிடம் காட்டிய அந்த எச்சரிக்கை கார்க் கடை வாசலில் எங்கே போய்விடுகிறது?

தோட்டத்துக்காரனுக்குக் கார் ஆடம்பரம் என்று பேசுவோரும் உண்டு. அவர்கள் பிரசவ வலி கண்ட பெண்ணை இரவில் செம்மண் சாலை வழியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில்லை போலும். பஸ் வராத தோட்டத்தில் பழைய கஞ்சிலோ மைவியோதான் நமக்குக் கால். புதிய கார்க் கடையில் சம்பளச் சீட்டு கேட்பார்கள். மழை மாதத்தில் பால்வெட்டுபவரின் சீட்டு இளைத்திருக்கும். ஆகவே சிறிய கடைக்குப் போகிறோம். அதில் தவறில்லை. எஞ்சின் கோளாறென்று தெரிந்ததும் முன்பணத்தைத் திருப்பித் தந்த சிறு கடைக்காரர் ஒருவரையும் நாம் அறிவோம்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்து போகவேண்டும். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, நிரப்பாத ஒப்பந்தத்தில் வாங்குபவரைக் கையெழுத்திடச் சொல்லக் கூடாது. ரொக்க விலையில் பத்தில் ஒரு பங்காவது முன்பணம் கட்டவேண்டும். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் காரை இழுக்கலாம். அதற்கும் முன்னதாக எழுத்தில் நோட்டீசு தந்து 21 நாள் பொறுக்கவேண்டும். முக்கால் பங்குக்கு மேல் கட்டிவிட்டவரின் காரை எடுக்கக் கோர்ட்டு உத்தரவு வேண்டும். இவை தெரியாமல், ஆள் வந்து கேட்டவுடன் சாவியைக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இன்னொன்று. பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையில் தேறிய கார் நல்ல கார் என்று நினைக்கிறோம். எஞ்சின் எண்ணும் சேசி எண்ணும் சரிதானா என்று பார்ப்பதே அதன் தலையாய வேலை. கியர்பாக்ஸ் எத்தனை நாள் ஓடும் என்று அந்தக் காகிதம் சொல்லாது. அதைச் சொல்லவேண்டியவர் நமது போர்மேன். பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்ட விடாத கடையில் காரே வேண்டாம்.

பிறர் பெயரில் உள்ள காரைத் தவணை மட்டும் தொடர்ந்து கட்டி ஓட்டும் "சம்போங் பாயார்" பக்கம் தலைவைக்கவே கூடாது. கட்டுவது நாம், கார் மற்றவருடையது. அவர் கடனை நிறுத்தினாலும் மறைந்தாலும் கேட்க நமக்கு வாயில்லை.

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் 380 வெள்ளி தவணைக்குப் போகிறது என்றால், ஏறக்குறைய மாதத்தில் ஆறு நாள் வேலையின் கூலி அது. ஆறு நாள் கூலிக்கு ஒரு மணி நேரம் காகிதம் படிக்கக் கூடாதா? படிக்கத் தெரியாதவர் வெட்கப்படவேண்டாம். மலாய்க் காகிதமென்றாலும் ஆங்கிலமென்றாலும் கிராணிமார் நாம் எதற்கு இருக்கிறோம்? கையெழுத்துக்கு முன் கொண்டுவாருங்கள். பின்பு கொண்டுவந்தால் நாம் செய்யக்கூடியது குறைவு.

அந்தத் தம்பதிகளுக்காகப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறோம். கட்டணம் ஐந்து வெள்ளி, வக்கீல் வேண்டியதில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். கடைக்காரர் சொன்னதைக் காதால் கேட்ட மைத்துனர் சாட்சிக்கு வரச் சம்மதித்திருக்கிறார். விசாரணை நாள் இன்னும் வரவில்லை. கார் லயத்துக்கு முன்னால் நிற்கிறது. இந்த மாதத் தவணையையும் கட்டியாயிற்று.